ஏழாவது அடி

கெத்தை ரோட்டில் நாற்பத்து மூன்று கொண்டை ஊசி.
மேல் பன்னிரண்டு என் பாடு.
ஒவ்வொன்றிலும் மஞ்சள் பலகை சொல்லும்:
ஒலி எழுப்பவும்.
இலை மூட்டைகளோடு ஏறும்போதெல்லாம்
எழுப்புகிறேன்.

சாயங்காலம் மைதானத்தில்
அதையே செய்தால் தோற்றுப்போவேன்.
திரும்பப்போகிறேன் என்று
தோள் சொல்லக் கூடாது,
இடுப்பு சொல்லக் கூடாது,
முக்கியமாகக் கண்.

இடுப்பில் இரண்டு கொடி.
அரைஞாண் கொடியா என்று கேட்டார் டீக்கடை போஜன்.
பிடுங்கினால் ஆட்டம் நின்றுவிடும், அவ்வளவுதான் என்றேன்.
யாரும் யாரையும் தள்ளுவதில்லையா?
இல்லை.
பிறகென்ன அமெரிக்க ஆட்டம் என்று
வடையைத் திருப்பிப் போட்டார்.

ரூட் என்றால் எங்கள் ஊரில் பஸ்.
ஊட்டி ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் குன்னூர் வண்டியும்
மஞ்சூர் வண்டியும் ஒன்றுதான்
லவ்டேல் பிரிவு வரை.
பெயர்ப் பலகையை மறைத்துவிட்டால்
எவனாலும் சொல்ல முடியாது.
என் ஏழு அடியும் அப்படி.
நேரே போகலாம், நின்று திரும்பலாம்,
குறுக்கே வெட்டலாம், கோட்டைப் பார்த்து ஒடியலாம்,
அதுவரை எல்லாம் ஒரே சாலை.
எனக்கெதிரே பின்னோக்கி ஓடும் கிருஷாந்தி
படிக்க முயல்வது
இல்லாத பலகையை.

ஒன்று இடது. மூன்று இடது.
ஐந்தில் உள்பக்கம் ஒரு பொய்,
விரற்கடை அளவு.
ஏழில் இடது காலை முழுசாக ஊன்றி
மூக்கு முட்டிக்கு மேலிருக்க
வலப்பக்கக் கோட்டுக்குச் செங்குத்தாக.
வளைந்து போனால் அது ரூட் இல்லை, உலாத்தல்.
ஹில்டா அப்படித்தான் திட்டுவாள்.
தொழிற்சாலையில் எடை போடுகிறவள்,
மூட்டைக்கு எத்தனை கிலோ ஈரம் என்று
கண்ணாலேயே கழிப்பவள்.
அவள் என்னைப் பார்த்து எறிவதில்லை.
நான் ஐந்தில் இருக்கும்போதே
பந்து கிளம்பிவிடும்,
யாருமில்லாத இடத்துக்கு.
அங்கே போய் நான் ஆளாக வேண்டும்.

குன்னூரோடு ஆட்டம். கடைசி நிமிடம்.
ஐந்து புள்ளி பின்னால்.
குந்தா பக்கமிருந்து மஞ்சு ஏறியது.
தூரத்து யூக்கலிப்டஸ் போனது,
நடுவர் போனார், விசில் மட்டும் இருந்தது,
பிறகு ஹில்டாவின் கை.
நிறுத்தலாமா என்றது விசில்.
வேண்டாம் என்றாள் அவள் உள்ளேயிருந்து.
என்னிடம்: எண்ணத் தெரியுமில்ல?

ஒன்று. மூன்று. ஐந்து.
ஏழாவது அடி விழும் இடத்தில்
மைதானம் கீழ்ப்பக்கம் சரிகிறது, தெரியும்.
இறக்கத்தில் அடி நீளும்,
குறுக்கி வைக்க வேண்டும், தெரியும்.
வைத்தேன்.
மண் வழுக்கியது.
எட்டு என்பதே இல்லாத கணக்கில்
எட்டாவது அடி ஒன்றை வைத்தேன்.

பந்து கடந்ததைக்
காற்றாகத்தான் அறிந்தேன்.
கிருஷாந்திக்கும் அது கேட்டிருக்கிறது.
இருவரும் மஞ்சுக்குள் கைநீட்டி நின்றோம்,
பஸ்ஸைத் தவறவிட்ட
இரண்டு பேர் மாதிரி.

தேடினோம்.
இரண்டு அணியும், நடுவரும்,
டார்ச்சோடு போஜனும்.
சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே
ஈரமண்ணில் மூக்குக் குத்தி நின்றது.
அதற்கு இரண்டடி முன்னால்
போய் நின்று பார்த்தேன்.
நெஞ்சுக்கு நேரே வந்திருக்கும்,
விரித்த கைக்குள்.
பந்து தப்பவில்லை. அது வந்த இடத்துக்கு
நான்தான் வரவில்லை.

ஹில்டா ஒன்றும் சொல்லவில்லை.
சேற்றைத் துடைத்துவிட்டு
எடை பார்ப்பதுபோல்
ஒருமுறை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.

மறுநாள் முப்பத்தெட்டாம் வளைவு.
ஹாரனுக்குக் கை போகவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
எதிரே வந்த லாரி
என் பிறப்பையே திட்டிக்கொண்டு
ஒதுங்கியது.